மூன்றாம் பக்கத்து முதல் சொல்

அக்கா மகள் சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும் என்று டைப்பிஸ்டம்மாவுக்குத் தெரியும். ஒன்று, கல்லூரியில் யாருடனாவது சண்டை. இல்லையென்றால் வீட்டில் யாருடனாவது சண்டை. அன்றைக்கு வந்தவளோ செருப்பைக் கழற்றும்போதே செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள், கொசு அடிக்கப் போகிறவள் மாதிரி. மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, அது என்றைக்காவது ஒருநாள் வரும் என்று நாற்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தவள் டைப்பிஸ்டம்மா.

அதே செய்தித்தாளைக் காலை ஆறரைக்கே அவள் படித்துவிட்டாள். படித்து, மடித்து, மெத்தைக்கு அடியில் செருகியும் விட்டாள். தன் பிரதியை ஒளித்துவிட்டால் ஊரில் இருக்கும் மற்றப் பிரதிகளெல்லாம் தானாகக் காணாமல் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

விஷயம் இதுதான். ஆற்றுப் பாலம் இடிந்து காலை ரயில் தண்ணீருக்குள் போய் இருநூற்றுப் பதினேழு பேர் செத்துப்போன நாள் அடுத்த வியாழக்கிழமை வருகிறது. நாற்பதாவது வருடம் என்பதால் ஆவணக் காப்பகத்தில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், விபத்துக்கு மறுநாள் அன்றைய நாட்டுத் தலைவர் வானொலியில் ஆற்றிய உரையின் கையெழுத்து வரைவு இருக்கிறது. கழுகுக் கண் படைத்த ஒரு நிருபர் அதை வரி வரியாகப் படித்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாடே கேட்டு அழுத அந்த வாக்கியம் ஒலிப்பதிவில் ‘நாங்கள் தவறிவிட்டோம்’ என்று இருக்கிறது. வரைவில் ‘நாம் தவறிவிட்டோம்’ என்று இருக்கிறது, பெட்டியில் தெரிகிற பக்கம் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. ‘மன்னிப்பா, தட்டச்சுப் பிழையா?’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டுவிட்டார். அந்தக் காலத்து டைப்பிஸ்டுகள் இப்படித் தப்புத்தப்பாக அடிப்பது சகஜம்தான் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வேறு கருத்துச் சொல்லியிருந்தார். முப்பத்துநாலு வருட வேலையில் தான் விட்ட பிழைகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய டைப்பிஸ்டம்மாவுக்கு, பயத்துக்கு நடுவிலும் அந்த ஆள்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

நாம், நாங்கள். பேச ஆரம்பித்த குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். ‘நாம சாப்பிடலாம்’ என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். ‘நாங்க சாப்பிட்டாச்சு’ என்றால் உதட்டைப் பிதுக்கும். ஒன்றில் கேட்கிறவருக்கும் இடம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பாலத்தில் விரிசல் இருக்கிறது என்று ஒரு பொறியாளர் மூன்று கடிதங்கள் எழுதியும் பிரித்துப் பார்க்காத அரசு, ‘நாம் தவறிவிட்டோம்’ என்று சொன்னால் செத்தவர்களின் வீட்டுக்காரர்களும் சேர்ந்து தவறியதாக ஆகும். ‘நாங்கள் தவறிவிட்டோம்’ என்றால் குற்றம் முழுக்க எங்களுடையது, உங்களுக்கு அதில் பங்கில்லை என்று ஆகும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த உரை நாற்பது வருடமாக உயிரோடு இருந்தது.

அக்கா மகள் கல்லூரியில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு வாத்தியாரம்மா என்றே பெயர். ஒவ்வொரு வருடமும் அந்த உரையைத்தான் முதல் பாடமாக நடத்துவாள். நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது, துக்கத்தை எப்படித் தொடுவது, காரணத்தை எப்படி அடுக்குவது எல்லாம் அதில் இருக்கிறது என்பாள். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு முன்னால் தலைவர் விட்ட ஏழு விநாடி மௌனத்துக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு. அவளுக்கு அது வெறும் பாடமும் இல்லை. அந்த ரயிலில் போன இருநூற்றுப் பதினேழு பேரில் அவளுடைய அப்பாவும் ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். அப்போது அவளுக்கு நாலு வயது.

நாற்காலியில் உட்காராமலே கேட்டாள்.

“சித்தி, அதை டைப் பண்ணது நீதானே?”

“நான்தான்.”

“பேப்பர்ல போட்டிருக்கறது நிஜமா?”

டைப்பிஸ்டம்மா காபி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று பதில் வந்தது. காபி வேண்டாம் என்று அவள் சொன்னதே இல்லை.

“வியாழக்கிழமை ஆத்தங்கரையில நான்தான் அந்த உரையப் படிக்கணும். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் படிப்பேன்? அது மன்னிப்புன்னுதான் நாங்க நம்பிக்கிட்டு இருந்தோம், சித்தி. அம்மா சாகற வரைக்கும் நம்பினா. நாங்கன்னா நானும் அம்மாவும்.”

அந்த ‘நாங்க’ டைப்பிஸ்டம்மாவைச் சுருக்கென்று தைத்தது. அக்காவும் அவளும் இந்தக் குழந்தையும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் மூவர் துணியும் கலந்து கிடக்க, இருபது வருடம் வாழ்ந்தவர்கள். இவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், கல்லூரிக்குக் கட்டணம் கட்டியதும் டைப்பிஸ்டம்மாதான். அப்படிப்பட்ட வீட்டில் முதல் தடவையாக அவளை வெளியே நிறுத்திவிட்டு ஒரு ‘நாங்க’. கோபத்தில் வந்த சொல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் சொற்களை அடித்தே காலம் தள்ளியவளுக்கு அப்படி விட வராது.

“உட்காரு” என்றாள். “சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டு.”

தலைவரின் அலுவலகத்துக்குப் பின்பக்கம் நீளமாக ஒரு அறை. நாலு தட்டச்சு இயந்திரங்கள், புறாக்கள் வந்து உட்காரும் ஒரு ஜன்னல், எப்போதும் கார்பன் தாள் வாசனை. நாலும் ஒரே நேரத்தில் ஓடினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். இருபத்தாறு வயதில் அந்த அறைக்குள் நுழைந்த முதல் நாளை இப்போது நினைத்தாலும் டைப்பிஸ்டம்மாவுக்கு விரல் நுனியில் குறுகுறுக்கும். உலகத்திலேயே முக்கியமான வேலை தன்னுடையதுதான் என்று அன்றைக்கு ஒரு மிதப்பு. உண்மையைச் சொன்னால் அந்த மிதப்பு இன்றைக்கும் முழுசாக இறங்கவில்லை.

தலைவருக்கு மூச்சு நீளாது. நெஞ்சில் ஏதோ பழைய கோளாறு. அதனால் அவருக்கு அடிக்கிற உரைகளை மூச்சுக்கு ஒரு வரியாக அடிக்க வேண்டும். வாக்கியம் எங்கே முடிகிறது என்பது கணக்கில்லை, மூச்சு எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. அந்த அளவு அவளுக்கு மட்டும் சரியாக வந்தது. அவர் பேசுவதைக் கேட்டுக்கேட்டு, வரியை எங்கே உடைக்க வேண்டும் என்று விரலே சொல்லும். இதனால் மற்ற மூன்று பேருக்கும் அவள்மேல் கொஞ்சம் புகைச்சல்.

உரைகளை எழுதுகிறவருக்குக் கமா சார் என்று பெயர். மூச்சுக்கு முப்பது கமா போடுவார். தன் கையெழுத்தை மறுநாள் தன்னாலேயே படிக்க முடியாது என்பதால், பக்கத்தில் நின்று வாசித்துச் சொல்வார், அவள் அடிப்பாள். “பேச்சுக்கு மூணு வாசல் திறந்து வைக்கணும்மா” என்பார். பேசுகிற ஆளை நம்பி வருகிறவர்களுக்கு ஒன்று, அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று, ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. எந்த வாசலில் வந்தாலும் எல்லாரும் கடைசியில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நல்ல மனிதர். கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனம் சில நாட்களில் நல்ல மனிதரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அடித்த ஒவ்வொரு பக்கத்திலும் இடது பக்கம் அடியில் டைப்பிஸ்ட் தன் இனிஷியலைப் போட வேண்டும், இது என் கை என்பதற்காக. வரைவில் இல்லாத ஒரு சொல் அடித்த தாளில் இருந்தால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தலைவரின் இனிஷியல் இருக்க வேண்டும், இது என் வாய் என்பதற்காக. இரண்டும் இல்லாத தாள் செல்லாது.

விபத்துக்கு மறுநாள் காலை தலைவரே அந்த அறைக்கு வந்தார். யார் வீட்டிலாவது யாராவது அந்த ரயிலில் போனார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அக்கா வீட்டுக்காரர் போனார், இன்னும் கிடைக்கவில்லை என்றாள். வீட்டுக்குப் போங்கம்மா என்றார் அவர். உரையை அடித்துவிட்டுப் போகிறேன் என்றாள். வீட்டில் போய் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலுக்கு வேலை இருந்தால் போதும் என்று இருந்தது.

பதினொரு மணிக்கு அக்கா ஆற்றங்கரைப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டாள். டைப்பிஸ்டுகள் அறையில் இருந்தது சொந்த அழைப்புகளுக்கு அனுமதியில்லாத தொலைபேசி. அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அத்தானின் பையைத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆளை இல்லை. அக்கா அழவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“நாம என்னடி தப்புப் பண்ணோம்? மூணு தடவ லெட்டர் போட்டிருக்காராம் அந்த ஆளு. அவங்க பிரிக்கவே இல்லையாம். நாம என்னடி பண்ணோம்?”

பதினொன்றரைக்குக் கமா சார் வரைவோடு ஓடிவந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒலிபரப்பு. இரண்டு மாடி கீழே, அதே கட்டடத்தில் ஒலிப்பதிவு அறை. நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கம், ‘தவறியது யார் என்று கேட்கிறீர்கள்’ என்ற வரியோடு முடிந்தது. அவள் தாளை உருவி, அடுத்த தாளையும் கார்பனையும் சேர்த்துச் செருகினாள். கமா சாருக்கு அடுத்த வரியில் பெருமை தாங்கவில்லை. “இங்கதான்மா சூட்சுமம். ‘நாம்’னு போட்டா எல்லார் தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் விழும். யாருக்கும் கனம் தெரியாது” என்றார். பிறகு வாசித்தார்: நாம் தவறிவிட்டோம். நம் மேசையில் மூன்று கடிதங்கள் இருந்தன. நம் கண்ணில் அவை படவில்லை. நம் கைகளில் இப்போது அந்தத் தண்ணீரின் ஈரம் இருக்கிறது.

அவள் அடித்தாள். கடைசி வரி முடிந்ததும் அவர் தாளை வெடுக்கென்று உருவிக்கொண்டு ஓடினார். அடியில் இனிஷியல் போடக்கூட விடவில்லை.

“கார்பன் காப்பியப் பாத்தேன். நம், நம், நம்னு எல்லாம் சரியா இருக்கு. மொத சொல் மட்டும் ‘நாங்கள்’னு விழுந்திருக்கு.”

“விழுந்துதா, அடிச்சியா?” வாத்தியாரம்மா விடவில்லை.

“தெரியலடி. சத்தியமாத் தெரியல. உங்கம்மா அப்படிக் கேட்டுட்டு வெச்சு அரை மணி நேரம்தான் ஆயிருந்துது. அவள அந்த ‘நாம்’க்குள்ள தள்ள என் கை வரல போலிருக்கு. ஆனா நான் உங்கிட்ட மறைச்சது அது இல்ல.”

டைப்பிஸ்டம்மா தண்ணீர் குடித்தாள்.

“பிழையப் பாத்தப்ப மணி பன்னெண்டாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துது. ரெண்டு மாடி எறங்க ஒரு நிமிஷம் போதும். நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் எறங்கிப் போயி, கமா சார் பக்கத்துலயே நின்னேன். வாயத் திறக்கல. பிழை வேணா தானா விழுந்திருக்கலாம். அந்தப் பத்து நிமிஷம் நான் தெரிஞ்சு பண்ணது.”

வாத்தியாரம்மா செய்தித்தாளைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அப்படியானால் தலைவர் மன்னிப்பே கேட்கவில்லை, ஒரு டைப்பிஸ்டின் பிழையை வாசித்தார், அந்த ஏழு விநாடி மௌனமும் மூச்சுக்காக நின்றதுதான், இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பொய்யைத்தான் நடத்தியிருக்கிறேன் என்று குரல் உடைந்து சொன்னாள். அவள் அப்படி உடைந்து டைப்பிஸ்டம்மா பார்த்தது அக்கா போன அன்றைக்குத்தான்.

“மூச்சு இல்ல” என்றாள் டைப்பிஸ்டம்மா. “அவரு மூச்சு எனக்குத் தெரியும்.”

அன்றைக்கு ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். நின்றார். நிமிர்ந்து கமா சாரைப் பார்த்தார். எல்லாம் பிரமாதம் என்று கமா சார் தலையை ஆட்டினார், பாவம். பிறகு அவர் பார்வை அவளிடம் வந்தது. காலையில் தன்னிடம் அக்கா வீட்டுக்காரர் இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்ன பெண். அவள் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. அவளால் கண்ணைத் தாழ்த்தவும் முடியவில்லை. ஏழு விநாடி என்று பின்னால் யாரோ அளந்து சொன்னார்கள். அவளைக் கேட்டால் ஏழு வருடம் என்பாள்.

அவர் ‘நாங்கள் தவறிவிட்டோம்’ என்று படித்தார். கமா சார் அவள் முழங்கையைப் பிடித்து, “போச்சு” என்றார்.

இதைச் சொல்லிவிட்டு டைப்பிஸ்டம்மா எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். ஓய்வூதியக் காகிதங்களுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. அதோடு ஒட்டிக்கொண்டு அஞ்சலட்டைக் கட்டு ஒன்றும் வந்தது. கமா சார் சாகும்வரை வருடா வருடம் அந்தத் தேதிக்கு அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் ஒரே ஒரு கமா, வேறொன்றும் கிடையாது. அவர் கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்துபோய், பிறகு அதுவே இருவருக்கும் நடுவில் ஒரு விளையாட்டாக ஆகிவிட்டிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நீள அறை, அந்தப் புறாக்கள், வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளும் அந்த மனிதர், எல்லாம் எங்கே போனது?

உறையிலிருந்து மூன்றாம் பக்கத்தை எடுத்து அக்கா மகளின் மடியில் வைத்தாள்.

முதல் சொல் ‘நாங்கள்’. அதற்குக் கீழே மூன்று வரிகளின் தொடக்கத்திலும் ‘நம்’ என்று அடித்திருந்தது. மூன்றும் பென்சிலால் கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே நடுங்கும் கையெழுத்தில் ‘எங்கள்’, ‘எங்கள்’, ‘எங்கள்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலைவரின் இனிஷியல். முதல் சொல்லில் எந்தத் திருத்தமும் இல்லை. அதன் பக்கத்திலும் இனிஷியல் மட்டும் இருந்தது.

“ரேடியோவுல அவரு என்ன படிச்சாரு? உனக்குத்தான் மனப்பாடமாச்சே.”

வாத்தியாரம்மா மெதுவாகச் சொன்னாள். “எங்கள் மேசையில் மூன்று கடிதங்கள் இருந்தன. எங்கள் கண்ணில் அவை படவில்லை. எங்கள் கைகளில்...”

“எதிர்ல இருந்த தாள்ல ‘நம்’னுதான் இருந்துது. நான் அடிச்சது ஒரு சொல். மத்த மூணையும் அவரே வாயால மாத்தினாரு. முடிச்சிட்டு வெளிய வந்து எங்கிட்ட பென்சில் கேட்டாரு. சுவத்துல வெச்சுத் திருத்திக் கையெழுத்துப் போட்டாரு. ‘பதிவேட்டுக்கு இப்படியே போகட்டும்மா’ன்னாரு. வேற ஒரு வார்த்த பேசல. நான் புதுசா அடிச்சுப் பதிவேட்டுக்குக் குடுத்துட்டு, இத எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். அந்த ஒரு சொல்லையே சுவரொட்டியாக அடித்து ஒட்டித் தோற்கடித்தார்கள். அதன் பிறகும் அது தன் சொல் இல்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

இதை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டாள் வாத்தியாரம்மா. டைப்பிஸ்டம்மாவுக்கு அதற்கு நாற்பது வருடப் பதில் தயாராக இருந்தது. அக்கா ஒவ்வொரு வருடமும் அந்த ஒலிநாடாவைப் போடுவாள். மௌனம் வரும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அந்த மனுஷன் வாய்விட்டுக் கேட்டாருடி, எனக்கு அது போதும் என்பாள். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் முதல் வரியே ‘அது என் பிழை’ என்றுதான் இருந்தாக வேண்டும். இரண்டாவது வரிக்கு அக்கா காத்திருப்பாளா என்று பயம். காத்திருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன பிரயோசனம்?

வாத்தியாரம்மா அழுதாள். அழுதுகொண்டே தாளை மறுபடி மறுபடி படித்தாள், விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி மேலிருந்து கீழே. கீழே வந்ததும் விரல் நின்றது.

“இங்க உன் இனிஷியல் இல்லையே.”

“போட விடல. உருவிக்கிட்டு ஓடிட்டாருன்னு சொன்னேனே.”

“அப்ப இது செல்லாதே, சித்தி.”

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள். டைப்பிஸ்டம்மா வாங்கினாள். இடது பக்கம் அடியில், பழுத்துப்போன தாளில், நாற்பது வருடம் காலியாகக் கிடந்த இடத்தில் இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து கோணலாக விழுந்தது. தலைவருடைய கையெழுத்தும் கோணல்தான் என்று வாத்தியாரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

பிறகு அவள் தாளை உறையில் போட்டு, உறையைத் தன் கைப்பையில் வைத்தாள். வியாழக்கிழமை ஆற்றங்கரையில் உரையை இந்தத் தாளிலிருந்தே படிக்கப் போவதாகவும், படித்து முடித்ததும் இது யார் கை, யார் வாய் என்று சொல்லப் போவதாகவும் அறிவித்தாள். அந்த ஆற்றங்கரைக் கூட்டத்துக்கு ஒரு வருடம்கூட டைப்பிஸ்டம்மா போனதில்லை. கால் வலி என்பாள், வெயில் என்பாள்.

“காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்” என்றாள் வாத்தியாரம்மா. “நாம போயிடலாம்.”

“யாரு?”

“நாமதான். நீயும் நானும்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காபி போடறேன்னியே, எங்க?”

காபியை மறந்துவிட்டு டைப்பிஸ்டம்மா எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைத் தேட ஆரம்பித்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.